ஸிரிஹ்கரான்: கவசம் பின்னியோரின் மலையூர்

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், போர்க்கவசம் செய்யும் கலையைக் கற்றுத் தந்ததையும் திருக்குர்ஆன் இரண்டு இடங்களில் எடுத்துரைக்கிறது (21:80, 34:10-11). இரண்டாவது இடத்தில் கவசத்தின் வளையங்களை அளவாகப் பின்னுமாறு இடப்பட்ட கட்டளையும், அதை அடுத்தே நற்செயல் புரியுமாறு இடப்பட்ட கட்டளையும் காணப்படுகின்றன. கைத்தொழிலின் நேர்த்தியும் வாழ்க்கையின் நேர்த்தியும் அருகருகே வைத்துப் பேசப்படும் இடம் அது. கவசம் பின்னுவதையே தன் பெயராகக் கொண்டிருந்த ஒரு மலையூரின் வரலாற்றைப் படிப்பவருக்கு இவ்வசனங்கள் நினைவுக்கு வராமல் இரா.

அவ்வூர் இன்றைய ரஷ்யக் கூட்டமைப்பிலுள்ள தாகெஸ்தான் குடியரசில், காக்கசஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளில் 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள குபாச்சி. துருக்கிய மொழியில் அப்பெயருக்குக் கவசம் செய்வோர் என்பது பொருள். அதற்கு முன் பாரசீகர் அதே பொருளில் ‘ஸிரிஹ்கரான்’ என்றனர். ‘ஸிரிஹ்’ என்பது வளையக் கவசம், ‘கர்’ என்பது செய்பவர். அரபு நூல்களில் பாரசீகப் பெயரே சற்றுத் திரிந்து வழங்குகிறது. ஆள்பவர் மாறினர், அழைக்கும் மொழி மாறியது. அழைக்கப்பட்ட காரணம் மட்டும் மாறவில்லை. மதத்தாலோ மன்னராலோ அன்றிச் செய்தொழிலால் மட்டுமே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட ஊர்கள் உலகில் மிகச் சிலவே.

இத்தகைய ஊருக்கு இஸ்லாம் எவ்வாறு சென்றது? சென்ற பின் அவர்களுடைய கைத்தொழில் என்னவாயிற்று? வெளியிலிருந்து அவ்வூரைப் பார்த்து எழுதியவர்களின் குறிப்புகளைக் கால வரிசையில் வைத்துப் படித்தால் இவ்விரு வினாக்களுக்கும் விடை துலங்குகிறது.

வாயிற்கோட்டையும் மலைநாடும்

காக்கசஸ் மலைகளுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையேயுள்ள குறுகிய நிலப்பகுதியை அடைத்து நிற்கும் நகரம் தர்பந்த். அரபியர் அதனை ‘பாபுல் அப்வாப்’, அதாவது வாயில்களின் வாயில் என்றழைத்தனர். வடக்கிலிருந்து வரும் நாடோடிப் படைகளைத் தடுப்பதற்காக ஸாஸானியப் பேரரசர் அனூஷிர்வான் காலத்தில், 6-ஆம் நூற்றாண்டில், எழுப்பப்பட்ட கல்மதில் இன்றும் அங்கே நிற்கிறது. உமையாக்களின் ஆட்சியில் மஸ்லமா இப்னு அப்துல் மலிக் இந்நகரைக் கைப்பற்றி உறுதிப்படுத்தினார். ஹி. 115-இல் (கி.பி. 733-34) அமைக்கப்பட்டதாகக் கூறப்படும் தர்பந்த் ஜுமுஆப் பள்ளிவாசல் ரஷ்ய நிலப்பரப்பிலேயே மிகப் பழமையான பள்ளிவாசலாகக் கருதப்படுகிறது.

மஸ்லமாவுக்குப் பின் வந்த மர்வான் இப்னு முஹம்மத், பிற்காலத்தில் உமையாக்களின் இறுதிக் கலீஃபாவானவர், மலைநாட்டுக்குள் படை நடத்தினார். அவருக்குப் பணிந்து ஆண்டுத் திறை செலுத்த இசைந்த சிற்றரசுகளுள் ஒன்றாக ஸிரிஹ்கரானை பலாதுரி தமது ‘ஃபுதூஹுல் புல்தான்’ நூலில் குறிப்பிடுகிறார். படை சென்றது, உடன்படிக்கை ஆயிற்று, திறை குறிக்கப்பட்டது. மக்கள் இஸ்லாத்தை ஏற்றனர் என்ற செய்தி அங்கில்லை. திறை செலுத்துவது வேறு, தீனை ஏற்பது வேறு என்பதை நம் தொடக்ககால வரலாற்றாசிரியர்கள் நன்கறிந்திருந்தனர். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் பின்னால் வந்தவர்களே.

கி.பி. 956-இல் மறைந்த மஸ்ஊதி ‘முரூஜுத் தஹப்’ நூலில் காக்கசஸ் மக்களைப் பற்றி விரிவாக எழுதுகையில் இந்நாட்டையும் தொடுகிறார். கவசம், அங்கவடி, கடிவாளம், வாள் முதலிய இரும்புப் பொருள்களைச் செய்வதால் அப்பெயர் வந்தது என்கிறார். அங்கே முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் வாழ்ந்தனர் என்றும், நிலத்தின் கரடுமுரடே அவர்களை அண்டை நாட்டாரிடமிருந்து காத்தது என்றும் தெரிவிக்கிறார். பல சமயத்தார் ஒரே தொழிலால் பிணைந்து வாழ்ந்த நாடு என்ற சித்திரம் இதிலிருந்து கிடைக்கிறது.

கர்னாத்தியின் குறிப்பு

ஸிரிஹ்கரானைப் பற்றி நமக்குக் கிடைத்தவற்றுள் மிக விரிவானது அபூ ஹாமித் அல்-கர்னாத்தியின் குறிப்பு. கி.பி. 1080-இல் ஸ்பெயினின் கர்னாத்தாவில் பிறந்து, எகிப்து, பக்தாத், வோல்கா நதிக்கரை, ஹங்கேரி எனப் பல நிலங்களைச் சுற்றிய அப்பெரியார் 1130-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தர்பந்துக்கு வந்தார். அங்கே அமீருக்கு ஃபிக்ஹு நூல் ஒன்றைக் கற்பித்ததாகவும் எழுதுகிறார். பிற்காலத்தில் இயற்றிய ‘துஹ்ஃபத்துல் அல்பாப்’ நூலில் தர்பந்துக்கு அருகே மலையடியிலிருந்த இரு சிற்றூர்களை அவர் விவரிக்கிறார்.

அவ்வூர் மக்கள் கவசம், தலைக்கவசம், வாள், ஈட்டி, வில், குத்துவாள், செம்புக் கலங்கள் அனைத்தையும் செய்தனர். ஆண்கள் மட்டுமல்லாமல் மனைவியரும் பிள்ளைகளும் அடிமைகளும்கூட அத்தொழிலில் தேர்ந்திருந்தனர். வயலும் தோட்டமும் இல்லை. ஆயினும் செல்வத்தில் குறைவில்லை. வேண்டிய பொருளை எல்லாத் திசையினரும் அவர்கள் வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தனர். அவர்களுக்கென ஒரு மார்க்கம் இல்லை என்றும், ஜிஸ்யா வரியும் செலுத்தவில்லை என்றும் கர்னாத்தி கூறுகிறார்.

அவர் கூறும் ஈமச்சடங்கு படிப்போரைத் திடுக்கிட வைக்கும். ஒருவர் இறந்தால் நிலத்தடி வீடுகளில் வாழும் சிலரிடம் உடலை ஒப்படைப்பர். அவர்கள் தசையை அகற்றி எலும்பைத் தூய்மை செய்வர். ஆணின் தசை காகங்களுக்கும் பெண்ணின் தசை பருந்துகளுக்கும் இடப்படும். மற்றப் பறவைகள் நெருங்காதவாறு வில்லேந்தியோர் காவல் நிற்பர். எலும்புகளை, செல்வராயின் பொற்சரிகைப் பையிலும் வறியவராயின் முரட்டுத் துணிப்பையிலும் இட்டு, பெயரெழுதி வீட்டிலேயே தொங்கவிடுவர். பழைய ஈரானிய மஜூஸி வழக்கத்தின் சாயல் இதில் இருப்பதை ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். ஸாஸானியப் பேரரசின் எல்லையில் பல நூற்றாண்டுகள் ஆயுதம் வழங்கிவந்த ஊரில் அச்சாயல் படிந்திருப்பதில் வியப்பில்லை.

அங்கே முஸ்லிம்களும் இருந்தனர் என மஸ்ஊதி சொல்ல, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் கர்னாத்தி எந்த மார்க்கமும் இல்லை என்கிறாரே என்று வாசகர் கேட்கலாம். மஸ்ஊதி பேசுவது ஸிரிஹ்கரான் என்ற அரசின் நிலப்பரப்பு முழுவதையும் பற்றி. கர்னாத்தி பேசுவது இரண்டு சிற்றூர்களைப் பற்றி. மேலும், வேதம் பெற்ற சமுதாயத்தாராக அடையாளம் காண முடியாதோரை ‘மார்க்கமற்றோர்’ என எழுதுவது அக்கால நூலாசிரியர்களின் வழக்கம். இவ்விரண்டையும் கருத்திற் கொண்டால் முரண்பாடு பெரும்பாலும் நீங்கிவிடும்.

கர்னாத்தி கூறும் அடுத்த செய்தி இன்னும் முக்கியமானது. தர்பந்தின் அமீர் துருக்கியரும் லெஸ்கியரும் அடங்கிய படையுடன் இவ்வூர்கள் மீது படையெடுத்தார். கடும் பனிப்புயல் எழுந்தது. ஒருவரையொருவர் காண இயலாமல் படையினர் தம்மவரையே வெட்டினர். பலரை இழந்து படை திரும்பியது. நிலத்தடி வீட்டார் செய்த ஏதோ செயலே புயலை வரவழைத்தது எனப் படையினர் நம்பினர். 1283-இல் மறைந்த ஸகரிய்யா அல்-கஸ்வீனியும் ‘ஆஸாருல் பிலாத்’ நூலில் இதை எடுத்தாள்கிறார்.

சூனியத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், மலைக்குளிரில் தோற்ற ஒரு படையெடுப்பின் செய்தி இது. முஸ்லிம் படை தோற்றது என்பதை முஸ்லிம் அறிஞர்களே மறைக்காமல் எழுதிவைத்தனர். வரலாற்றைப் புகழுரையாக மாற்றிவிடாத அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

வாள் திரும்பிய வழியில் ஏடு

தர்பந்துப் பள்ளிவாசலில் பாங்கொலி எழுந்தபின் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, மலைவழியில் சில நாள் பயணத் தொலைவிலிருந்த குபாச்சி பெரும்பாலும் தன் பழைய நம்பிக்கையிலேயே இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே அவ்வூரார் இஸ்லாத்தை ஏற்றனர் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

அக்காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1258-இல் பக்தாத் வீழ்ந்து அப்பாஸியக் கிலாஃபத் சிதைந்துவிட்டது. காக்கசஸின் தெற்கே ஈரானின் மங்கோலிய இல்கான்களும், வடக்கே தங்கப்படை எனப்பட்ட மங்கோலியக் கான்களும் தமக்குள் போரிட்டுக்கொண்டிருந்தனர். மலையூருக்குக் கட்டளையிடும் வலிமை தர்பந்தின் அமீர்களிடம் இருக்கவில்லை. கிலாஃபத்தின் வாள் வலிமையோடிருந்த நாள்களில் நிகழாத மாற்றம், அவ்வாள் முறிந்துபோன நாள்களில் நிகழ்ந்தது. இஸ்லாம் வாளால் பரவியது என்ற பழைய குற்றச்சாட்டுக்குக் கோபத்தோடு மறுப்பெழுதுவதைவிட, இத்தகைய ஊர்களின் காலவரிசையை அமைதியாக எடுத்துக்காட்டுவது பயன் தரும்.

அருகிலுள்ள ஊர் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். குபாச்சியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், செங்குத்தான குன்றின் மேல் ‘கலா குறைஷ்’, அதாவது குறைஷியர் கோட்டை என்னும் பாழூர் இருக்கிறது. ‘உத்ஸ்மி’ என்னும் பட்டம் பூண்ட கைதாக் ஆட்சியாளர்களின் பழைய இருப்பிடம் அது. தாங்கள் நபிகளாரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களின் வழித்தோன்றல்கள் என அவர்கள் கூறிக்கொண்டனர். ஹம்ஸா (ரலி) அவர்களின் சந்ததி நிலைக்கவில்லை என்பது நசப் அறிஞர்களின் கூற்றாதலால் இவ்வுரிமையை அப்படியே ஏற்க இயலாது. ஆனால் அக்குன்றிலுள்ள பள்ளிவாசலின் சுதை மிஹ்ராபும், கூஃபி எழுத்துகளும், மீஸான் கற்களும் பொய்யல்ல. குபாச்சிக்கு முன்பே அங்கே இஸ்லாமியக் கல்வி வேரூன்றியிருந்தது. வம்சக் கதையை வரலாறாக்க வேண்டியதில்லை. கல்வியின் சான்று கையருகிலேயே இருக்கிறது.

1396-இல் தைமூரின் படை இம்மலைநாட்டை மிதித்துச் சென்றது. எதிர்த்த கைதாக் ஊர்கள் அழிந்தன. ஸிரிஹ்கரான் மக்களோ தாம் செய்த கவசங்களைக் காணிக்கையாக ஏந்தி வந்து பணிந்தனர் எனத் தைமூரின் வரலாற்றை எழுதிய பாரசீக ஆசிரியர்கள் தெரிவிக்கின்றனர். அதன்பின் பத்தாண்டுகூட ஆகாத நிலையில், ஹி. 807-இல் (கி.பி. 1404-05), குபாச்சியில் மத்ரஸா ஒன்று கட்டப்பட்டதை அங்குள்ள அரபுக் கல்வெட்டு அறிவிக்கிறது. அண்டை ஊர்களின் சாம்பல் ஆறிய சில ஆண்டுகளில் ஒரு சிற்றூர் மத்ரஸா கட்டியது என்பதை எளிதாகக் கடந்துவிட முடியாது. கர்னாத்தியின் காலத்தில் எலும்புப் பையின் மேல் இறந்தவரின் பெயரை எழுதிய சமுதாயம், மூன்று நூற்றாண்டுகளுக்குள் கலாசாலையின் நெற்றியில் அரபு எழுத்தைப் பொறித்தது.

கல்லில் நிகழ்ந்த மாற்றம்

மார்க்கம் மாறியபின் கைத்தொழில் என்னவாயிற்று என்பதற்கு அவ்வூரின் கற்கள் சான்று. சன்னலின் மேல்வளைவிலும் வாசல் நெற்றியிலும் பதிப்பதற்காகச் செதுக்கப்பட்ட 14, 15-ஆம் நூற்றாண்டுப் பலகைக் கற்கள் குபாச்சியில் பெருந்தொகையாக இருந்தன. குதிரை வீரன், வேட்டை, மற்போர், சிங்கம் எனப் பல உருவங்கள் அவற்றில் உள்ளன. சிலவற்றில் அதே கல்லில் அரபு எழுத்துகளும் காணப்படுகின்றன.

உயிருள்ளவற்றின் உருவம் பற்றி நம் ஃபுகஹாக்கள் வகுத்த சட்டம் தெளிவானது. அவ்வாறிருக்க, இஸ்லாத்தை ஏற்ற ஊரில் இரண்டு மூன்று தலைமுறைகள் இவ்வேலை தொடர்ந்தது எப்படி? மக்கள் கலிமாவை ஒரு நாளில் மொழியலாம். கைப்பழக்கம் ஒரு நாளில் மாறாது. ஆனால் காலம் செல்லச் செல்ல உருவங்கள் அருகின. அவற்றின் இடத்தைக் கொடியும் இலையும், பின்னல் கோலமும், அரபு எழுத்தும் நிரப்பின. இம்மாற்றத்தை மீஸான் கற்களில் துலக்கமாகக் காணலாம். உளியைப் பிடித்த விரல்களின் நேர்த்தி குறையவில்லை; அவ்விரல்கள் எதைச் செதுக்கின என்பதே மாறியது. இஸ்லாம் ஒரு கலையை அழித்தது என்று கூறுவாரும், எதையுமே மாற்றவில்லை என்று கூறுவாரும் இக்கற்களின் முன்னே சற்று நேரம் நிற்பது நல்லது.

உலோக வேலையிலும் இதுவே நிகழ்ந்தது. துப்பாக்கி வந்தபின் வளையக் கவசத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. குபாச்சியார் குத்துவாள், வாள், துப்பாக்கி ஆகியவற்றின் பிடியையும் உறையையும் அணிசெய்வதில் கைதேர்ந்தனர். வெள்ளியில் கோடு செதுக்கி, வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்ந்த கருங்கலவையை உருக்கி நிரப்பும் வேலை அவர்களுடைய தனிச்சிறப்பு. இரும்பிலும் தந்தத்திலும் தங்கக் கம்பி பதிப்பதும் அவ்வாறே. கிளை என்னும் பொருளில் ‘துத்தா’ என்றும், புதர் என்னும் பொருளில் ‘மர்ஹராய்’ என்றும் அவர்கள் அழைக்கும் இரண்டு கொடிக்கோலங்களே பெரும்பாலான வேலைகளுக்கு அடிப்படை. முன்னது நடுத்தண்டிலிருந்து இருபுறமும் ஒத்துப் பிரியும்; பின்னது தொடக்கமும் முடிவும் தெரியாமல் பரவிப் படரும்.

அவ்வூர் வீட்டுச் சுவர்களில் வரிசையாக மாட்டப்பட்டிருந்த பீங்கான் தட்டுகளும் கலை உலகில் பெயர் பெற்றவை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர்கள் அவற்றை வாங்கிச் சென்று ‘குபாச்சிப் பீங்கான்’ என்று பெயரிட்டனர். உண்மையில் அவை ஈரானிய நகரங்களில் 15 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை செய்யப்பட்டவை. அங்கே செய்யப்படாத பொருளுக்கு அவ்வூரின் பெயர் நிலைத்துவிட்டது. தான் செய்ததை உலகுக்கு அனுப்பி, உலகம் செய்ததைத் தன் வீட்டில் சேர்த்துவைத்த ஊர் அது.

கை பிழைத்தது, ஏடு மூடிற்று

தாகெஸ்தான் முஸ்லிம்களில் பெரும்பாலோர் நம் கடற்கரை ஊர்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தோர். இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ நூலுக்கு மஹல்லி எழுதிய விரிவுரை அங்கு மலையூர் மத்ரஸாக்களிலும் பாடநூலாக இருந்தது. கல்வி, கடிதம், ஒப்பந்தம், வழக்குத் தீர்ப்பு யாவும் அரபியிலேயே நடந்தன. தம் தாய்மொழிகளையும் அவர்கள் அரபு எழுத்தில் எழுதினர். அதனை ‘அஜம்’ என்றனர். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கப்பட்ட இமாம் கஸ்ஸாலியின் ‘மின்ஹாஜுல் ஆபிதீன்’ பிரதி ஒன்றின் வரிகளுக்கிடையே, குபாச்சியாரின் பேச்சுக்கு உறவான தர்கின் மொழியில் பொருள் எழுதப்பட்டுள்ளது. அரபுத் தமிழ் ஏடுகளைப் புரட்டிப் பார்த்த நம்மவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

சோவியத் ஆட்சி இவ்வூரை இரண்டு விதமாக நடத்தியது. 1924-இல் குபாச்சிக் கைவினைஞர்களைக் கூட்டுறவு அமைப்பாக ஒன்று திரட்டியது. அது 1960-இல் பெரிய கைவினைத் தொழிற்கூடமாக வளர்ந்தது. தொழில் அழியாமல் காக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே ஆட்சி 1928-இல் தாகெஸ்தான் மொழிகளின் அரபு எழுத்தை நீக்கி லத்தீன் எழுத்தைப் புகுத்தியது. 1938-இல் அதையும் மாற்றி ரஷ்யர்களின் சிரிலிக் எழுத்தை ஏற்றியது. மத்ரஸாக்கள் மூடப்பட்டன. பத்தே ஆண்டுகளில் இரண்டு முறை எழுத்து மாறியதால், பேரன் தன் பாட்டனாரின் ஏட்டைப் படிக்க இயலாதவனானான். கலா குறைஷில் வாழ்ந்தோர் 1944-இல் வேறிடத்தில் குடியமர்த்தப்பட, அக்குன்று ஆளரவமற்றுப் போயிற்று.

கற்களும் ஊரை விட்டுச் சென்றன. குபாச்சிப் பலகைக் கற்களைக் காண விரும்புவோர் இன்று பீட்டர்ஸ்பர்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்கும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கும் செல்ல வேண்டியுள்ளது. கலா குறைஷ் பள்ளிவாசலின் செதுக்கு வேலைப்பாடுள்ள மரக்கதவுகள் மகச்கலா அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. ஆயினும் வாசல் நெற்றியிலிருந்து பெயர்த்தெடுத்த கல் அழகுப் பொருளாகிறது. எந்த வாசல், யார் வீடு, எந்தப் பள்ளி என்ற வரலாறு அதனுடன் பயணம் செய்வதில்லை.

இன்று குபாச்சிக்குச் செல்பவர் காண்பது, மலைச்சரிவில் படிப்படியாக அடுக்கிய வீடுகளை. கீழ்வீட்டின் கூரையே மேல்வீட்டின் முற்றம். ஊரின் உச்சியில் வட்ட வடிவக் காவற்கோபுரம் நிற்கிறது. முதிய பெண்டிர் ‘கஸ்’ எனப்படும் பூவேலை செய்த வெண்ணிற முக்காட்டைத் தரித்திருப்பர். வீடுகளில் வெள்ளி வேலை நடைபெறுகிறது. பழைய கட்டடச் சுவர்களில் இன்னும் பெயர்க்கப்படாத கற்கள் சில ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததை ஒட்டித் தாகெஸ்தான் எங்கும் பள்ளிவாசல்கள் மீண்டும் திறக்கப்பட்டன; அரபுப் பாடங்களும் மீண்டன.

தொழிலைக் காத்தால் பண்பாடு காக்கப்பட்டுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். குபாச்சியின் வரலாறு அதற்கு ஒரு திருத்தம் சொல்கிறது. கை தன் நேர்த்தியைத் தலைமுறை தலைமுறையாகத் தக்கவைத்துக்கொள்ளும். தந்தையின் அருகே அமர்ந்த மகன் பார்த்தே பழகிவிடுவான். எழுத்து அவ்வாறன்று. அதைக் கற்பிக்கும் இடம் ஒரு தலைமுறைக் காலம் மூடிக் கிடந்தால், செதுக்கிய எழுத்தும் வெறும் கோலமாகிவிடும். ஹி. 807-இல் மத்ரஸாவின் நெற்றியில் கல்வெட்டுப் பொறித்த குபாச்சியார், தம் உளிக்கும் தம் ஏட்டுக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் அளித்தனர். கவச வளையத்தை அளவாகப் பின்னுவதையும் நற்செயல் புரிவதையும் ஒன்றாக வைத்துப் பேசிய திருவசனத்தின் பொருளும் அதுவே. நம்முடைய ஊர்களின் பழைய பள்ளிவாசல் தூண்களிலும் மீஸான் கற்களிலும் உள்ள எழுத்துகளை இன்று எத்தனை பேரால் படிக்க முடியும் என்று எண்ணிப் பார்ப்போர்க்கு, அம்மலையூர் தொலைவில் இருப்பதாகத் தோன்றாது.